நூற்றுத் தொண்ணூறில் ஒன்று

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

ஆடித்தபசு முடிந்த மறுவாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். கல்யாணமாகி ரெண்டு வருஷம், இப்போது நாலாம் மாசம். "டீச்சர், டபுள் மார்க்கர்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. ஹை ரிஸ்க்னு வந்திருக்கு. ஒண்ணுக்கு நூத்தித் தொண்ணூறுன்னு போட்டிருக்கு. லேப்ல கேட்டா டாக்டரைப் பாருங்கன்னு சொல்லுதாங்க. டாக்டரம்மா திங்கக்கிழமைதான் வருவாங்களாம்" என்றாள். அன்று வியாழக்கிழமை.

நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் வீட்டில் என்னென்ன பேச்சு என்று அவளே சொன்னாள். சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி என்று ஒருவர். கிரகணத்தன்று மாடிக்குப் போனாயா என்று ஒருவர். மாமியார் நல்ல மனுஷி. கோமதியம்மன் சந்நிதிக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து வயிற்றில் பூசிவிட்டு, மாவிளக்கு நேர்ந்திருக்கிறார். மாப்பிள்ளை விடிய விடிய செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் விசைத்தறிக்குப் போய்விட்டாராம்.

கடைசியில் அவள் கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "எங்க அம்மா காலத்துல இதெல்லாம் இல்லையே டீச்சர். எப்போ வந்துச்சு? யாரு கண்டுபிடிச்சா?"

முப்பத்து நாலு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவம் எனக்குத் தெரியாது, அதை டாக்டரிடம் கேளுங்கள். வரலாறு கொஞ்சம் தெரியும். தெரிந்தபோது எனக்கே பயம் குறைந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். நம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு 190 பிள்ளைகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வந்த அதே ரிசல்ட் 190 கர்ப்பிணிகளுக்கு வந்தால், அதில் ஒருத்தியின் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும். 189 பேருக்கு இருக்காது. சதவீதத்தில் சொன்னால் அரை சதவீதம். இதை ஏன் "ஹை" என்று போடுகிறார்கள்? பல லேப்களில் 250-இல் ஒன்று என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் சிவப்பு எழுத்து, அந்தப் பக்கம் போனால் பச்சை எழுத்து. பரீட்சையில் 35 மார்க் எடுத்தவனுக்கும் 34 மார்க் எடுத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் ரேங்க் கார்டில் ஒருவன் பாஸ், ஒருவன் பெயில். அதே கதைதான் இங்கேயும்.

இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை கிடையாது. அடுத்த பரிசோதனை யாருக்குத் தேவை என்று பிரித்தெடுக்கும் சல்லடை. "ஸ்கிரீனிங்" என்ற சொல்லுக்கே சலித்தெடுப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. இந்தச் சல்லடை எப்படி உருவானது என்று பார்க்கலாம்.

குறையோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய பேச்சு நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு எட்டு வகைப் பிறவிக் குறைகளை வரிசையாகப் பட்டியல் போட்டுச் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிறந்த பிறகுதான் தெரியும். பிறக்கும் முன்னே தெரிந்துகொள்ளும் வழி உலகத்தில் எங்கேயும் இல்லை. அது வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

டவுன் சின்ட்ரோம் என்ற பெயரில் உள்ள "டவுன்", கீழே என்ற பொருளில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர், மனவளர்ச்சி குறைந்தவர்களுக்கான ஒரு விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். 1866-இல் இந்தக் குழந்தைகளின் அடையாளங்களை விவரித்து எழுதினார். அந்தக் கால வெள்ளைக்காரப் புத்தி, மங்கோலிய இன முகம் என்று எழுதி "மங்கோல்" என்ற பெயரும் வைத்துவிட்டார். நூறு வருஷம் அந்தப் பெயர் நிலைத்தது. மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்ட பிறகு 1965-இல்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. ஒரு செய்தி சொல்கிறேன்: அந்த டவுனின் சொந்தப் பேரன் ஒருவனே டவுன் சின்ட்ரோமோடு பிறந்தான். 1905-இல். யார் வீட்டிலும் நடக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

காரணம் தெரிந்தது 1959-இல், பாரிஸில். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். இந்தக் குழந்தைகளுக்கு 47, அதாவது 21-ஆம் எண் குரோமோசோம் கூடுதலாக ஒன்று. புத்தகங்களில் ஜெரோம் லெஜூன் என்ற பெயர்தான் முன்னால் இருக்கும். ஆனால் செல்களை வளர்த்தெடுத்த கைவேலை மார்த் கோட்டியே என்ற பெண் மருத்துவருடையது. வசதியில்லாத ஒரு சிறிய ஆய்வகம். செல்லை வளர்க்கத் தேவையான பொருளுக்காக ஒரு சேவல் வளர்த்தார், தன் சொந்த ரத்தத்தையும் எடுத்துப் பயன்படுத்தினார். போட்டோ எடுக்கும் மைக்ராஸ்கோப் அவரிடம் இல்லாததால் ஸ்லைடுகளை லெஜூனிடம் கொடுத்தார். பெயர் கைமாறிவிட்டது. (பெண் ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

அந்தக் கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது பிரிவதில் ஏற்படும் ஒரு பிசகு. அம்மாவின் வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும். 35 வயதில் ஏறக்குறைய 350-இல் ஒன்று, 40 வயதில் 100-இல் ஒன்று. இளம் வயதில் மிகக் குறைவு, ஆனாலும் உண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டுவதால் கூடுகிற பரம்பரை நோய்கள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதற்காக இந்தப் பழியையும் அதன் தலையில் கட்டக் கூடாது. என் மாணவிக்கு போனில் முதலில் சொன்னது இதைத்தான். அழுகையை நிறுத்திவிட்டு, "இதை எங்க அத்தைகிட்ட ஸ்பீக்கர்ல சொல்லுங்க டீச்சர்" என்றாள். சொன்னேன்.

அடுத்தது ஸ்கேன். கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்டு என்று ஒரு மகப்பேறு மருத்துவர். கப்பலில் இருந்து கடலடியை அறியவும், இரும்புத் தகட்டில் விரிசல் கண்டுபிடிக்கவும் ஒலி அலையைப் பயன்படுத்துவதைப் பார்த்தவர், உடம்புக்குள் பார்த்தால் என்ன என்று நினைத்தார். 1955-இல் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பாய்லர் தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அங்கே தயாராக இருந்தது. 1958-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அதில் ஒரு பெண்மணியின் கதை உண்டு. குணமாக்க முடியாத வயிற்றுப் புற்று என்று கைவிடப்பட்டவர். டொனால்டின் கருவி, அது சூலகத்தில் உள்ள நீர்க்கட்டி என்று காட்டியது. அறுவை செய்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். இன்று பெண்கள் நடுங்கிக்கொண்டே போகும் ஸ்கேன் அறையின் ஆரம்பம், தவறான தீர்ப்பை இன்னொரு முறை பார்த்து மாற்றிய சம்பவத்தில் இருக்கிறது.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். இந்த இடத்தில் நம் மதராஸ் வருகிறது.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். நம்மூரிலும் தறி ஓடும் வீடுகள் நிறைய, அதனால் இதைப் படிக்கும்போது மனசு வேறு மாதிரி ஆகும். கிருமியா, சாப்பாடா என்று தேடினார். எலிக்கும் குரங்குக்கும் அந்தப் பெண்கள் சாப்பிடும் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். 1931 வாக்கில் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையில், ஆய்வு செய்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான ஈஸ்ட் சாறு, மார்மைட், அந்த ரத்தசோகையை மாற்றியது. அதில் இருந்த சத்துக்குப் பல வருஷம் "வில்ஸ் பொருள்" என்றே பெயர். பிறகு பசலைக்கீரையில் இருந்து பிரித்து, இலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லை வைத்து 1941-இல் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். நர்சம்மா வீடு தேடி வந்து கொடுக்கிற மாத்திரையின் பூர்வீகம் இதுதான். வேண்டா வெறுப்பாகக் குப்பையில் போடும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

ஃபோலிக் அமிலம் ரத்தத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவதற்கும், மண்டையோடு வளராமல் போவதற்கும் இதன் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் 1960-களில் எழுந்தது. 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு அதை உறுதிசெய்தது. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையைக் கருவுற்றிருந்த தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே மாத்திரை எடுத்தால் மறுபடி வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. "முன்பிருந்தே" என்பதைக் கவனியுங்கள். முதுகுத்தண்டு மூடுவது முதல் மாதத்திலேயே முடிந்துவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அந்த வேலை நடந்து முடிந்திருக்கும்.

இதே முதுகுத்தண்டுக் குறையைக் கண்டுபிடிக்கத்தான் தாயின் ரத்தப் பரிசோதனையும் முதலில் வந்தது. 1972-இல் எடின்பரோவில் புரோக், சட்க்ளிஃப் என்ற இருவர், இப்படிப்பட்ட கர்ப்பங்களில் பனிக்குட நீரில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு தாயின் ரத்தத்திலேயே அதை அளந்தார்கள். அதிகமாக இருந்தால் கவலை, குறைவாக இருந்தால் நிம்மதி என்று வைத்திருந்தார்கள்.

அந்தத் துறையில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு ஏ.எஃப்.பி. அளவு மிக மிகக் குறைவாக வந்தது. பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறந்த குழந்தைக்கு 18-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருந்தது. அந்தத் தாய் விடவில்லை. "அளவு அவ்வளவு குறைவாக இருந்ததற்கும் என் குழந்தைக்கு இப்படி ஆனதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டார். டாக்டர்களிடம் பதில் இல்லை. பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினார்கள். குரோமோசோம் கோளாறு இருந்த கர்ப்பங்களில் அந்த அளவு சராசரியாகக் குறைவாக இருந்தது. மெர்கட்ஸும் சக மருத்துவர்களும் 1984-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் டவுன் சின்ட்ரோமுக்கான வாய்ப்பைக் கணக்கிடுவது அங்கிருந்துதான் வளர்ந்தது. ஸ்கேன் அறையிலும் டாக்டர் மேசைக்கு முன்னாலும் வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டு வருகிற நம் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

1992-இல் லண்டனில் கிப்ரோஸ் நிகோலாய்டஸ் குழுவினர், மூன்றாம் மாதக் கடைசியில் குழந்தையின் பிடரியில் இருக்கும் நீரின் கனத்தை ஸ்கேனில் அளந்தார்கள். இதுதான் இன்றைய என்.டி. ஸ்கேன். அதோடு இரண்டு ரத்த அளவுகளையும் தாயின் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டபுள் மார்க்கர் ரிசல்ட். டவுன் சின்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் ஏறக்குறைய 90-ஐ இது பிடித்துவிடும். அதற்கு விலை என்ன என்றால், குறையே இல்லாத கர்ப்பங்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு "ஹை ரிஸ்க்" வரும். ஆயிரம் பேருக்கு எடுத்தால் ஐம்பது பேர் கலங்கிப் போவார்கள். அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோதான் உண்மையில் இருக்கும். அந்த ஐம்பது பேரின் தூக்கம் எந்தக் கட்டுரைக் கணக்கிலும் வருவதில்லை. அதேபோல "லோ ரிஸ்க்" என்று வந்தால் இல்லவே இல்லை என்றும் பொருள் கிடையாது.

1997-இல் டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் மருத்துவர், குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதப்பதைக் காட்டினார். 2011 முதல் அது வியாபாரத்துக்கு வந்துவிட்டது. நம் ஊர் லேப் கலெக்‌ஷன் சென்டரில் கூட ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். மிக நுட்பமானது, பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனாலும் அதுவும் சல்லடைதான், கொஞ்சம் மெல்லிய கண் உள்ள சல்லடை. உறுதியாகச் சொல்வது பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடியின் துணுக்கையோ எடுத்துக் குரோமோசோமைப் பார்ப்பதுதான். பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பிறகு ஊசி மூலம் எடுப்பார்கள். கரு கலையும் ஆபத்து உண்டு, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முழு ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். டபுள் மார்க்கர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கலைத்துவிடலாம் என்று யாராவது, சொந்தக்காரரோ வேறு யாரோ, சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியாவுக்கு இந்த ஊசி வந்த கதை தனி. 1975 வாக்கில் டெல்லி எய்ம்ஸில் பிறவிக் குறைகளைக் கண்டறிய ஆரம்பித்தார்கள். நம் ஆட்கள் குரோமோசோமில் தேடியது 21-ஐ இல்லை, ஆணா பெண்ணா என்பதை. 1978-இல் அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்குத் தடை போட்டார்கள். தனியாரிடம் போய்விட்டது. பிறகு ஸ்கேன் மெஷின் மலிவாகி எல்லா ஊருக்கும் வந்தது. தமிழ்நாட்டின் கதை நமக்குத் தெரியும். 1986-இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலையைப் பற்றி இந்தியா டுடே எழுதி நாடே பார்த்தது, 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1996 முதல் நடைமுறை, 2003-இல் இன்னும் கடுமையாக்கினார்கள். சட்டம் அவசியம்தான், எனக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதன் நிழல் ஒன்று ஸ்கேன் அறையில் விழுந்திருக்கிறது. பாலினத்தைச் சொல்லக் கூடாது என்பது, எதையுமே சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. பல இடங்களில் திரையைத் திருப்பிக்கொள்கிறார்கள், பேச்சே கிடையாது. கர்ப்பிணியும் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறாள். இதயம் துடிக்கிறதா, முதுகுத்தண்டு சரியா, இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்தப் பரிசோதனை எதற்கு, அதில் என்ன ஆபத்து என்று அவளுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகுதான் ஊசி போடச் சம்மதம் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

அடுத்து நாள் கணக்கு. கவலையான ரிசல்ட் வந்த வீட்டில் மனசுக்குள் ஓடும் கடிகாரம் சட்டத்தின் கடிகாரம். சாந்திலால் ஷா குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 20 வாரம் என்று எல்லை வைத்தார்கள். அப்போது ஸ்கேன் இந்தியாவில் இல்லை, அதனால் அந்த எண் யாரையும் உறுத்தவில்லை. பிறகு ஸ்கேன் வந்தது. குழந்தையின் இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் நன்றாகத் தெரிவது 18 முதல் 20 வாரத்தில், நாம் ஐந்தாம் மாச ஸ்கேன் என்போமே, அதில். சில இதயக் கோளாறுகள் அதற்கும் பிறகுதான் தெரியும். அதாவது தெரியவரும் நாளும் கதவு சாத்தும் நாளும் ஒன்றாகிவிட்டது.

இது வெளிச்சத்துக்கு வந்தது 2008-இல், மும்பையில். நிகேதா மேத்தா வழக்கு. 24-ஆம் வாரத்தில் குழந்தையின் இதயத்தில் கடும் கோளாறு என்று தெரிந்தது. அந்தத் தம்பதியும் அவர்களுடைய மருத்துவர் நிகில் தாதரும் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மாதமே கரு தானாகக் கலைந்துவிட்டது. நாடு முழுக்க டிவியில் விவாதம். ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கருத்துச் சொன்னார்கள். என் வகுப்பில் பிளஸ் டூ பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்டது நினைவிருக்கிறது. "அந்த அக்கா என்ன நினைச்சாங்கன்னு யாராவது கேட்டாங்களா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

அதன் பிறகு பல பெண்கள் ஒவ்வொருவராக நீதிமன்றப் படி ஏறினார்கள். 2016-இல் மண்டையோடு வளராத குழந்தையைச் சுமந்த பெண்ணுக்கு 24 வாரத்தில் உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. 2017 பிப்ரவரியில் டவுன் சின்ட்ரோம் என்று தெரிந்து 26 வாரத்தில் வந்த 37 வயதுப் பெண்ணுக்கு மறுத்தது. அதே வருஷம் ஜூலையில் கடும் இதயக் கோளாறு இருந்த 26 வாரக் கர்ப்பத்துக்கு அனுமதி தந்தது. மருத்துவக் குழு என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்து.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது, செப்டம்பர் 24 முதல் நடைமுறை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்கள் கருத்தோடு. கருவில் பெரிய அளவிலான கோளாறு என்று அரசு அமைக்கும் மருத்துவக் குழு கண்டறிந்தால் வார எல்லை கிடையாது. அந்தக் குழு விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதியில் இருக்கிறது. சம்மதம் அந்தப் பெண்ணுடையது மட்டும். வயது வந்த பெண்ணுக்குக் கணவன் கையெழுத்து கூடச் சட்டப்படி தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது.

இதனால் எல்லோரும் கலைத்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களையும் தெரியும், பெற்று வளர்ப்பவர்களையும் தெரியும். என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் பேத்திக்கு டவுன் சின்ட்ரோம். ஒன்பது வயது. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், இவளுக்கும் இருந்தது, ஒரு வயதில் ஆபரேஷன் ஆனது. நடக்கவும் பேசவும் தாமதமானது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், என்னைக் கண்டால் "குட்மார்னிங்" சொல்லாமல் விடமாட்டாள், சாயங்காலமாக இருந்தாலும். அவளுடைய அம்மா சுலபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தால் மனசையும் பணத்தையும் தயார் பண்ணியிருப்பேன் என்பார். முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு அப்படியும் ஒரு பயன் இருக்கிறது. இதயக் குறை இருப்பது தெரிந்தால் குழந்தைகள் டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பலமும் இருக்கிறது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் ஆரம்பித்தது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சித் தாமதம் உள்ள சின்னக் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே பயிற்சி கொடுக்கும் வேலையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்கள். இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாமல் இருக்கிறது.

என் மாணவி விஷயத்துக்கு வருகிறேன். திங்கள்கிழமை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போகச் சொன்னேன். ஒரு தாளில் கேள்விகளை எழுதச் சொன்னேன். தெருவில் யாருக்கும் சொல்ல வேண்டாம், ஒரே ஒருவரிடம் மட்டும் தினமும் பேசு என்றேன். அந்த ஒருவராக மாமியாரே ஆகிவிட்டார் என்பது எனக்கு ஆச்சரியம். திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட்டார்கள். ரிசல்ட் வர பதினாறு நாள். அந்த நாட்களில் மாமியார் அவளைத் தனியாகப் படுக்க விடவில்லை, "எதுவா இருந்தாலும் நம்ம பிள்ளைதானே, நீ என்ன முடிவு பண்ணாலும் நான் கூட இருக்கேன்" என்றாராம். மாவிளக்கு நேர்ந்ததும் அவர்தான், ஊசிக்குச் சீட்டுப் பிடித்து பஸ்ஸில் கூட்டிப் போனதும் அவர்தான். சாமியையும் சயின்ஸையும் அவர் சண்டை போட விடவில்லை.

குரோமோசோம் சரியாக இருக்கிறது என்று வந்தது. 189-இல் ஒருத்தி. நான் சந்தோஷத்தில் ஏதோ சொல்லப் போக, அவள் சொன்னாள்: "அந்த ஒண்ணா வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இன்னமும் தெரியலை டீச்சர். அங்க ஆஸ்பத்திரியில என் பக்கத்துல ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சோ."

லூசி வில்ஸைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் 1930-களில் பிரசவம் பார்த்த பாட்டிகள், நர்சுகள் பற்றிக் குடும்பத்தில் கேள்விப்பட்டவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.